இழுக்கக் கூடாத தோள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் புவனேஸ்வரியின் கை பிரசித்தம். கட்டைவிரலை மடக்கி முன்கையின் மேல் ஒட்டிப் படுக்க வைப்பாள். சுண்டுவிரலைப் பின்னால் சாய்த்தால் அது செங்குத்தாக நிற்கும். கையை நீட்டச் சொன்னால் முழங்கை நேராக நிற்காது, நேரையும் தாண்டிப் பின்பக்கம் வளையும். கல்யாணமாகி வந்த புதிதில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டமாக வந்து, "இன்னொரு தபா பண்ணிக் காட்டு புவனா" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சலிக்காமல் செய்து காட்டுவாள். மற்றவர்களிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது யாருக்கும் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருக்கும்.

பிறந்தது முசரவாக்கத்தில். பள்ளிக்கூடத்தில் யோகாசனப் போட்டி வைத்தபோது, காலைக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதே பள்ளிக்கூடத்தில், நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்று சொன்னதற்காக சோம்பேறி என்று பெயர் வாங்கினாள். சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் பிரண்டு விழுவாள். "கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று அம்மா திட்டுவாள். அந்தப் பரிசையும் அந்த வசவையும் வாங்கியது ஒரே உடம்புதான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

சிவராஜைக் கட்டிக்கொண்டு நெசவுக்காரர் வீட்டுக்கு வந்தபின் அந்த விரல்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்துச் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். முடிச்சுப் போடுவதில்லை, முறுக்குத்தான். கட்டைவிரல் நன்றாக வளைகிறவர்களுக்கு அது கைவரும். புவனேஸ்வரி முறுக்கிய இழை விட்டதில்லை. மாமியார் தில்லையம்மாள் எளிதில் யாரையும் மெச்சுகிறவள் அல்ல. அவளே ஒரு நாள் பக்கத்து வீட்டில், "எம் மருமவ நடந்தா வுழுவா, ஆனா இழைய வுடமாட்டா" என்று சொன்னது சுற்றி வளைத்து அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

குழந்தை பிறந்தபிறகுதான் எல்லாம் மாறியது.

பிரியதர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு மத்தியானம் தூளியிலிருந்து அவளைத் தூக்கப் போனாள் புவனேஸ்வரி. கையை நன்றாக நீட்டி, குனிந்து, அள்ளினாள். பாதித் தூக்கலில் வலது தோள் தன் இடத்தை விட்டு வழுக்கியது. சத்தமில்லை. இழுப்பறை ஒன்று தானாகத் திறந்துகொள்வதுபோல ஓர் உணர்வு, அப்புறம் கையே இல்லாததுபோல ஒரு வெறுமை. குழந்தை கீழே விழுந்தது. கழிவுப் பட்டு அடைத்த மூட்டை கீழே கிடந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வீறிட்டு அழுதுவிட்டு, கொஞ்ச நேரத்தில் மூட்டையின் பிரிந்த நூலைப் பிடித்து விளையாடத் தொடங்கிவிட்டது. தோளும் தானாகவே உள்ளே போய்விட்டது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சிவராஜ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மனைவியின் முதுகைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தான். தில்லையம்மாள், "எனக்கும் கை தவறியிருக்குது. இவனையே போட்டிருக்கேன். அதான் இவன் இப்பிடி இருக்கான்" என்று மகனைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். புவனேஸ்வரியும் சிரித்தாள். அன்றைக்கப்புறம் அவள் குழந்தையைத் தூக்கவே இல்லை.

பால் கொடுக்க வேண்டுமானால் கீழே உட்கார்ந்துகொள்வாள். யாராவது கொண்டுவந்து மடியில் வைப்பார்கள். பசி தீர்ந்ததும் யாராவது எடுத்துப்போவார்கள். குழந்தைக்குத் தவழ வந்தது. பயந்தாலோ தூக்கம் வந்தாலோ இரண்டு கையையும் மேலே நீட்டித் தூக்கச் சொல்ல வந்தது. ஆனால் அது கை நீட்டியது பாட்டியிடம், அப்பாவிடம், பால்காரரிடம்கூட. அம்மா பக்கத்திலேயே நின்றாலும் அவளைத் தாண்டிப் பார்க்கும். அதில் கோபமோ கணக்கோ கிடையாது. யார் தூக்குவார்கள், யார் தூக்கமாட்டார்கள் என்று உலகத்தைப் பற்றி அது தெரிந்துகொண்ட முதல் செய்திகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். புவனேஸ்வரிக்கு வேறு ஆசை எதுவும் அப்போது இல்லை. தறி அப்புறம், வலி அப்புறம். பிள்ளை தன்னைப் பார்த்துக் கை நீட்ட வேண்டும், நீட்டினால் தான் தூக்க வேண்டும்.

சென்னையில் ஒரு மூட்டு டாக்டர் அவள் விரல்களையும் முழங்கைகளையும் வளைத்துப் பார்த்துவிட்டு, நோய்க்குப் பெயர் சொன்னார். ஹைப்பர்மொபிலிட்டி. எலும்போடு எலும்பைச் சேர்த்துக் கட்டும் நார்கள் பிறவியிலேயே நெகிழ்ச்சியாக இருக்கின்றன, ஆபரேஷன் வேண்டாம், உங்கள் ஊரிலேயே நல்ல பிசியோதெரபிஸ்ட் இருந்தால் பாருங்கள் என்றார். இத்தனை வருஷம் சோம்பேறித்தனம் என்றும் கவனக்குறைவு என்றும் கேட்டுப் பழகியவளுக்கு அந்தப் பெயரே பாதி மருந்துபோல இருந்தது. மீதிப் பாதிக்குத்தான் அவள் ஒலிமுகம்மதுபேட்டைக்குப் போனாள்.

பிசியோதெரபிஸ்ட் நிக்கத்தின் கிளினிக் மாடியில் இருந்தது. கீழே அவள் அப்பா அப்துல் சத்தாரின் லுங்கிக் கடை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிய தில்லையம்மாள் மேலே வந்து சேர்ந்ததும் முதலில் கேட்டது: "ஏம்மா, மூட்டு வைத்தியம் பாக்குற எடத்த மாடியிலயா வெப்பாங்க?"

"கீழ எடம் குடுங்கன்னு அத்தாவைத் தெனமும் கேக்குறேன்மா. லுங்கிக்கு முட்டி வலிக்காது, இருந்தாலும் அது கீழதான் இருக்கணுமாம்" என்றாள் நிக்கத். "வுடுங்க. ஏறி வந்துட்டீங்க, பாதி ட்ரீட்மென்ட் ஆயிப்போச்சி."

நாற்பதை நெருங்கும் வயது. தலையைச் சுற்றிய துப்பட்டாவை ஊசி குத்தி இறுக்கியிருந்தாள், காலில் ஓடுவதற்கான ஷூ. புவனேஸ்வரியைச் சும்மா நிற்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் போய் நெடுநேரம் பார்த்தாள். முழங்கால்கள் பின்னால் வளைந்து, வயிறு முன்னால் தள்ளி, தோள்கள் தொங்க, புவனேஸ்வரி தனக்குத் தெரிந்த மாதிரி நின்றாள்.

"புவனா, இது நிக்கிறது இல்ல. தொங்குறது. உன் எலும்புலயே நீ சாஞ்சிக்கினு இருக்கிற. முட்டியக் கொஞ்சம் முன்னால வுடு. இன்னும். ஆங், போதும்."

"மடக்கிக்கினு நிக்கிற மாதிரி இருக்குது மேடம்."

"கண்ணாடியப் பாரு."

கண்ணாடியில் அவள் கால்கள் நேராக இருந்தன. புவனேஸ்வரி திகைத்தாள். முப்பது வருஷமாக நேர் என்று நினைத்தது வளைவாகவும், வளைவு என்று தோன்றுவது நேராகவும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தங்கள் மூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும். நார் நெகிழ்ந்தவர்களுக்கு அந்தச் செய்தி மங்கலாகத்தான் வந்து சேரும் என்று நிக்கத் விளக்கினாள். சமதரையில் விழுந்ததற்கெல்லாம் அன்றுதான் காரணம் கிடைத்தது. தன் உடம்பை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வது ஆறுதலான விஷயமல்ல. ஆனாலும் அவளுக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

பயிற்சிகள் ஏமாற்றமளித்தன. சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளு. குப்புறப் படுத்துத் தோள்பட்டை எலும்பைக் கொஞ்சமே கொஞ்சம் கீழே இறக்கு. பந்தைச் சுவரோடு வைத்து அழுத்திப் பிடி. எதிலும் வியர்வை இல்லை. தில்லையம்மாளுக்குத் தாங்கவில்லை. "இதுக்கா ஷேர் ஆட்டோ புடிச்சி வந்தோம்? எங்கூட்டுல சுவரு இல்லியா?"

அப்போதுதான் நிக்கத் அந்த உவமையைச் சொன்னாள். வந்தவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"நெசவுக்காரங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா? பாவு தொய்ஞ்சி போனா எப்பிடி இருக்கும்? அதுமாதிரிதான் இவ உடம்பு. நாம அத்த டைட் பண்ணப் போறோம்."

தில்லையம்மாளின் முகம் தெளிந்தது. "அப்பிடிச் சொல்லுமா" என்றாள்.

வீட்டில் அன்று சாயங்காலமே செய்தி சிவராஜுக்குப் போனது. அவன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி யோசித்தான். தொய்ந்த பாவை என்ன செய்வது என்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இழுக்க வேண்டும். இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

அன்றிலிருந்து தறி வேலை முடிந்ததும் அது ஒரு வழக்கமானது. புவனேஸ்வரி பாயில் உட்காருவாள். தில்லையம்மாள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். சிவராஜ் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல், பட்டிழையை இழுக்கிற பக்குவத்தோடு, நிதானமாக இழுப்பான். தோளில் எங்கோ 'ளக்' என்று ஒரு சத்தம் வரும். "வந்துச்சா?" என்பான். "வந்துச்சி" என்பாள். அப்புறம் விரல் விரலாக. அவளுக்கு அது பிடித்திருந்தது. வலிக்கிற இடத்தில் அரைமணி நேரம் இதமாக இருக்கும். அதைவிட, நாளெல்லாம் தறியில் கண்ணாக இருப்பவன் அந்தக் கொஞ்ச நேரம் தன் கையிலேயே கண்ணாக இருப்பது பிடித்திருந்தது.

நாட்கள் போகப் போக வலி கூடியது. துணி உலர்த்தக் கையைத் தூக்கினாலே தோள் நழுவியது. நிக்கத்துக்குப் புரியவில்லை. தோள் நகராமலிருக்க அவள் ஒட்டிய பட்டை ஒவ்வொரு தடவையும் பிய்ந்து வந்தது. "வீட்ல கனமாத் தூக்குறியா?" "இல்ல மேடம்." "கைய மேல தூக்கி எதாவது?" "இல்லயே." இழுப்பதைப் பற்றி அவள் சொல்லவில்லை. மறைக்கவில்லை. வைத்தியத்தின் ஒரு பகுதி என்று நம்பியதால், தலை வாருவதையும் பல் துலக்குவதையும் போல அதையும் சொல்லத் தோன்றவில்லை.

ஒரு நாள் தில்லையம்மாளுக்குக் காய்ச்சல். குழந்தையோடு சிவராஜ் வந்தான். படியேறும்போதே அவனுக்கு ஒரு சந்தேகம். தன் பங்கைத் தான் சரியாகச் செய்கிறோமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பினான்.

"மேடம், நானும் ஒரு நாள் வுடாம இழுத்துக்கினுதான் இருக்கேன். ஆனா இறுகவே மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் பலமா இழுக்கணுமா?"

நிக்கத் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இன்னாத்த இழுக்குறீங்க?"

"கைய. தோ, பாருங்க." குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, சரியான கோணத்துக்குக் கொண்டுவந்து, இழுக்கத் தயாரானான். முகத்தில் வேலை தெரிந்தவனின் அமைதி.

"யா அல்லா! வுடுங்க, வுடுங்க! யாரு உங்களை இழுக்கச் சொன்னது?"

சிவராஜ் கையை விட்டான். "நீங்கதானே மேடம். தொய்ஞ்ச பாவுன்னு சொன்னீங்களாம். அம்மா சொல்லிச்சி."

நிக்கத்தின் முகத்தில் கோபம் வந்ததையும், அது போக இடம் தெரியாமல் நின்றதையும், பிறகு நிக்கத் மேலேயே திரும்பியதையும் புவனேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் நிக்கத் மெதுவாக. "நான்தான் சொன்னேன். பாவு எப்பிடி இறுக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டிருக்கணும்."

பிறகு எல்லாவற்றையும் உவமை இல்லாமல் சொன்னாள். இந்த நாரை இறுக்க முடியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான், சாகிறவரை அப்படித்தான். இழுத்தால் இன்னும் நெகிழும். அதைச் சுற்றியிருக்கிற சதையைப் பலமாக்கலாம். நார் பிடிக்காததைச் சதை பிடிக்கும். அதுவும் மூட்டு கோடிக்குப் போகாமல் நடுவில் இருக்கும்போதுதான். அதனால்தான் பயிற்சியெல்லாம் சின்னது. பேச்சின் நடுவில் அவளுக்கு இன்னொரு உவமை வாய்வரை வந்தது தெரிந்தது. முழுங்கிவிட்டாள்.

சிவராஜ் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்ப நான்தான் இவளக் கெடுத்தேனா?"

பிரியத்தில் செய்த தவற்றைத் திருத்துவதைப்போலக் கடினமான காரியம் இல்லை. பிடித்து வெளியே எறிய அதில் கெட்ட நுனி எதுவும் கிடைக்காது. நிக்கத் எழுந்து வந்து, சிவராஜின் கையை எடுத்துப் புவனேஸ்வரியின் தோளின் முன்பக்கம் வைக்கச் சொன்னாள்.

"கைய எடுக்க வேணாம் தம்பி. இழுக்காதீங்க, அவ்ளோதான். கை இங்கயே இருக்கட்டும். புவனா, அவர் கையத் தள்ளு. மெதுவா. ஆஹிஸ்தா. தம்பி, நீங்க வுடாதீங்க. ரெண்டு பேரும் நகரக் கூடாது."

அவள் தள்ளினாள். அவன் விடவில்லை. இருவரும் அசையாமல் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து சிவராஜ், "ஒண்ணுமே நடக்கலயே மேடம்" என்றான்.

"ஒண்ணும் நடக்காம இருக்குறதுதான் வேலையே."

அடுத்த வாரம் நிக்கத் தன் ஸ்கூட்டரில் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாள். இனிமேல் பார்க்காத விஷயத்தை வைத்துப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்போல. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். புவனேஸ்வரி குடம் எடுப்பதை, துணி மடிப்பதை, பாயில் கால்களை இருபக்கமும் மடித்துப் பரப்பிக்கொண்டு உட்காருவதைப் பார்த்தாள். எதை எடுத்தாலும் கையை முழுக்க நீட்டி எடுப்பதைத்தான் முக்கியமாகப் பார்த்தாள்.

"எதுக்கு அவ்ளோ தூரம் எட்டுற? கிட்ட போயேன்."

"எட்டுதே, அதான்."

அந்தப் பதிலில் ஒரு வாழ்க்கையே இருந்தது. எட்டியதால் எட்டினாள், வளைந்ததால் வளைத்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று உடம்பே சொல்லும் வசதி மற்றவர்களுக்கு உண்டு. அவள் அதைத் தானாக முடிவு செய்ய வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும்.

குழந்தைக்குப் பதில் அரிசிப் பையில் பழகச் சொன்னாள் நிக்கத். மண்டியிட்டுக் கிட்டே போ. முழங்கை மடங்கியே இருக்கட்டும். நெஞ்சோடு அணை. ஒரு பாதம் ஊன்று, பிறகு மற்றது, தொடையால் எழு. பழைய புடவைத் துண்டில் சுற்றிய அரிசிப் பையை அணைத்துக்கொண்டு மருமகள் கூடத்தில் மண்டியிட்டு எழுவதைப் பார்த்து, தில்லையம்மாள் கேட்டாள்: "அரிசிக்குப் பேரு வெச்சாச்சா?"

"வெச்சாச்சி அத்தை. உங்க பேருதான்."

"அதான் கனமா இருக்குது."

பை ஒரு படி அரிசியில் தொடங்கி மெல்லப் பெருத்தது. சாயங்காலங்களில் சிவராஜ் கையை வைத்தான், அவள் தள்ளினாள், ஒன்றும் நடக்கவில்லை. சில நாட்கள் அவள் களைத்துப்போய் எதையும் செய்யாமல் படுத்திருந்தாள். சில நாட்கள் முன்னேற்றம் என்று நினைத்தது மறுநாள் காணாமல் போனது. அரிசிப் பை தவறவில்லை என்பதைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. பிரியதர்ஷினி ஒரு வயது முடிந்து, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். இன்னமும் பாட்டியிடம்தான் கை நீட்டினாள். அரிசி விழுந்தால் கூட்டி அள்ளிக்கொள்ளலாம் என்பது புவனேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அதனால் பையிலிருந்து பிள்ளைக்கு மாறும் நாளை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சிவராஜுக்கு ஒரு புதுப் பாவு வந்தது. நல்ல அரக்கு நிறம். தறியில் ஏற்றுவதற்கு முன் பாவைத் தெருவில் நீட்டிச் சீர் செய்து உருளையில் சுற்ற வேண்டும். வண்டிகள் வருவதற்குள், வெளிச்சம் வரும்போதே அதைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து கைகொடுக்கும். கூலி கிடையாது. ஒரு காபி, அடுத்த தடவை அவர்கள் பாவுக்கு நாம் போவது, அவ்வளவுதான்.

அன்று தெருவின் ஒரு கோடியில் சிவராஜ் உருளையோடு உட்கார்ந்திருந்தான். மறுகோடியில் பக்கத்து வீட்டுக் குமாரவேல் பாவின் முனையைக் கட்டிய கழியைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்து நின்றான். நடுநடுவே குறுக்காகக் கட்டிய மூங்கில்கள் பாவைத் தாங்கி நின்றன. தில்லையம்மாளும் மற்றவர்களும் இரண்டு பக்கமும் நின்று கைகளால் தாங்கிச் சீர்பார்த்தார்கள். சுற்றத் தொடங்கிவிட்டால் முடிகிறவரை யாரும் கையை எடுக்க முடியாது. ஓரிடத்தில் விட்டாலும் இழைகள் கலைந்து சிக்கிக்கொள்ளும். புவனேஸ்வரிக்கு மட்டும் அதில் இடம் இல்லை. தோளை உத்தேசித்து அவளுக்குக் காபி வேலை கொடுத்திருந்தார்கள். டம்ளர்களைக் கழுவி வாசற்படியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"புவனா! குழந்தை!"

குமாரவேலின் குரல். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிரியதர்ஷினி எப்போதோ விழித்து, பின்கட்டு வழியாகச் சந்தில் தவழ்ந்து, தெருவுக்கு வந்து பாவுக்கு அடியில் போயிருந்தாள். தலைக்கு மேல் அரக்குப் பட்டு ஒரு கூரைபோல மினுங்கியது. அதைப் பார்த்தபடி, பக்கத்திலிருந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். மூங்கில் ஆடியது. பாவு முழுக்க ஓர் அலை ஓடியது.

"ஏய், ஏய்! ஆட்டாதடி கண்ணு!"

"யாராவது புடிங்கப்பா!"

"எந்தக் கையால புடிக்கிறது?"

குழந்தை தனக்குத்தான் இத்தனை கூச்சல் என்று மகிழ்ந்துபோய் மூங்கிலை இன்னொரு தடவை ஆட்டியது. நாலடி தள்ளி நின்ற தில்லையம்மாள், "தூக்கு" என்று ஆரம்பித்தாள், மருமகளின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். உருளையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த சிவராஜ் மட்டும் சொன்னான்: "புவனா, அவசரமில்லமா."

அவசரமில்லாமல் என்ன? மூங்கில் சாய்ந்தால் பாவும் போகும், அதன்மேல் குழந்தையும் விழும். ஆனால் அவன் அப்படிச் சொன்னது அவளுக்கு உதவியது.

அவள் பாவுக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். குழந்தை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. வலது கை தானாக நீளப் பார்த்தது. அந்தக் கையை அவள் அடக்கினாள். எட்டுகிற தூரமானாலும் எட்டாமல், மண்டியிட்டு இன்னும் கிட்டே போனாள், நெஞ்சு குழந்தையின் நெஞ்சைத் தொடும்வரை. மூங்கிலைப் பற்றிய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிரியதர்ஷினி பாட்டியைத் தேடினாள். பாட்டியின் இரண்டு கையிலும் பட்டு. குழந்தை இரண்டு கையையும் நீட்டினாள், நீட்டிய இடத்தில் அம்மாவின் கழுத்து இருந்தது. பிடித்துக்கொண்டாள்.

முழங்கை மடங்கியே இருக்கட்டும். அணை. குனிந்தபடியே பாவுக்கு வெளியே வந்தாள். ஒரு பாதம், பிறகு மற்றது. தோள் வழுக்கும் அந்த நொடிக்காக அவள் காத்திருந்தாள். அரிசிப் பை திமிறாது, இது திமிறியது. தோள் அங்கேயே இருந்தது. அவள் எழுந்து நின்றாள். குழந்தை இடது இடுப்பில் இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. தட்டக் கை இல்லை.

"அத்தை, வாங்கிக்கோங்க" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"நான் எங்கடி வாங்குறது? பாதிப் பாவு பாக்கி இருக்குது. நீயே வெச்சிக்கோ, உன்னுதுதானே."

உருளை மெல்லச் சுற்றியது. குமாரவேல் கழியோடு அடிமேல் அடி வைத்து முன்னால் வந்துகொண்டிருந்தான். புவனேஸ்வரி தெருவோரம் நின்றாள். முழங்கால் பழைய மாதிரி பின்னால் பூட்டிக்கொள்ளப் பார்த்தது. பிரியதர்ஷினி அவள் மூக்குத்தியைப் பிடித்து ஆராய்ந்தாள், காதை இழுத்தாள், இந்த உயரத்திலிருந்து இந்த முகம் எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தாள். கை களைக்கத் தொடங்கியபோது, புவனேஸ்வரி வாசற்படிக்குப் போய், அணைத்தது அணைத்தபடியே உட்கார்ந்துகொண்டாள். முன்பாயிருந்தால் தோற்றதாக நினைத்திருப்பாள். எப்போது உட்கார வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்தது அதுதான் முதல் தடவை.

பாவு சுற்றி முடிந்ததும் தில்லையம்மாள் கையை உதறிக்கொண்டு வந்தாள். பிரியதர்ஷினி உடனே பாட்டியிடம் தாவினாள். பசி நேரம், இட்லி பாட்டியிடம்தான் என்று அவளுக்குத் தெரியும். சிவராஜ் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, "காபி ஆறிப்போச்சி போல" என்றான்.

"சூடு பண்ணித் தரேன். கொஞ்சம் இருங்க" என்றாள். கொஞ்சம் இருந்தார்கள்.

அந்த வாரம் ஒலிமுகம்மதுபேட்டை மாடியில் தில்லையம்மாள் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாள். குமாரவேலாகக் கத்தினாள், மூங்கிலாக ஆடினாள். நிக்கத் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்த இடுப்புல வெச்ச?"

"இடது" என்றாள் புவனேஸ்வரி.

"கழண்டது எந்தத் தோள்?"

"வலது."

"நல்ல பக்கத்துல தூக்கிட்டு வந்து என்கிட்ட பெருமை பேசுறீங்க, மாமியாரும் மருமகளும். பாயில மண்டி போடு. வலது."

"இப்பவேவா மேடம்?"

"நான் பக்கத்துலயே இருக்கேன். வுழுந்தா தாங்க உங்கூட்டு மூட்டை இங்க இல்ல, நாந்தான் மூட்டை." அவள் பாயில் புவனேஸ்வரிக்கு அருகே சப்பணமிட்டு, இரண்டு கையையும் ஏந்தி வைத்துக்கொண்டாள்.

புவனேஸ்வரி மண்டியிட்டு, மடங்கிய வலது கையைத் திறந்தாள். பிரியதர்ஷினி பாட்டியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டியைப் பார்த்தாள். பாட்டி வேண்டுமென்றே கூரையைப் பார்த்தாள். பிறகு குழந்தை புடவையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டியபடி, அம்மாவை நோக்கித் தள்ளாடி இரண்டெட்டு வைத்து வந்து விழுந்தது.

ஒரு பாதம், பிறகு மற்றது. எழுந்தாள்.

"முழங்கா..." என்று நிக்கத் ஆரம்பித்தாள்.

கண்ணாடி எதிர்ச்சுவரில் இருந்தது. புவனேஸ்வரி குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிக்கத் சொல்லி முடிப்பதற்குள் அவள் முழங்கால்கள் தாமாகவே கொஞ்சம் முன்னால் வந்திருந்தன.

"சரி" என்றாள் நிக்கத். "எறக்கு. இன்னொரு தபா."